அறுபத்தொன்றுக்கு வழி

மூன்றாவது முறை சொன்னபோதும் திருமூர்த்தி முதல்முறை கேட்பவரைப் போலத்தான் ஆடிப்போனார். கையில் எடுத்த தோசைத் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு, சட்னி ஒட்டிய விரல்களோடு வினோதினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு? ஏன் அம்மிணி எங்கிட்டச் சொல்லல?”

“போன திங்கக்கிழமை சொன்னேனுங்க. முந்தாநேத்தும் சொன்னேன்.”

“எங்கிட்டயா?”

“உங்ககிட்டத்தானுங்க.”

அவர் நம்பவில்லை. வாதாடவும் இல்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கிப்போயிருக்கிறது. வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. வருகிற புதன்கிழமை கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை. அவள் உடம்புக்குப் பிழைப்பது பாதிக்குப் பாதி. திருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். லீவு போடுகிறேன் என்றார். ஒரு நிமிஷம்கூட உன்னை விட்டு நகரமாட்டேன் என்றார். ஒவ்வொரு சொல்லும் மனதிலிருந்துதான் வந்தது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு கை கழுவப் போனார். குழாயைத் திறந்து, மூடி, துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“ஏன் சாப்புடாம உக்காந்திருக்கே? ஆறிப்போச்சு பாரு,” என்றார்.

வினோதினி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள். இனிமேல் இவரிடம் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். சொல்லிச் சொல்லி அந்த மனிதரை எத்தனை முறைதான் அழவைப்பது?

இதை மறதி என்று சொல்லிவிட முடியாது. அறுபத்திரண்டு வயதில் அவரைப்போல எல்லாவற்றையும் மனதில் பிடித்துவைத்திருக்கும் ஆள் கிடையாது என்று அலுவலகமே சொல்லும். ஈரோட்டிலிருந்து தெற்கே இறங்கும் சரக்கு ரயில் தடத்தில் அவர் கண்ட்ரோலர். ஒரு ஷிஃப்டில் இருபது, இருபத்தைந்து வண்டிகள். எது எங்கே நிற்கிறது, எந்த டிரைவருக்கு டியூட்டி முடியப்போகிறது, எதை ஒதுக்கி எதை விடுவது, எல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கணினியும் உண்டு, அது யோசனை சொல்லும். ஆனால் இரண்டு பெரிய விபத்துகளுக்குப் பிறகு, ஒரு மனிதன் வாய்திறந்து சொன்னால்தான் வண்டி நிற்கவோ நகரவோ வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஏதாவது ஆனால் பிடித்து உள்ளே போட ஓர் ஆள் வேண்டுமல்லவா. கணினியைப் போட முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தடுமாற்றம் ஆரம்பித்தது. வண்டிகளை நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு போர்வெல் நினைவுக்கு வரும், தம்பியின் நில வழக்கு வரும், எப்போதோ கேட்ட ஒரு விளம்பரப் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டு போகாது. ஒரு மத்தியானம் ஒரு சிமெண்ட் வண்டியை ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தினார். அதை நிறுத்தியதையே விட்டுவிட்டார். நாலு மணி நேரம் அது வெயிலில் நின்றது. அலுவலகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதமும் அவர் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூரத்தில் ஹாரன் கேட்டால் எந்த வண்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சவரம் செய்யவில்லை. யார் வந்தாலும் உள்ளே எழுந்து போய்விடுவார். காதுக்குப் பின்னால் மாட்டினால் வேண்டாத நினைப்புகளைத் தள்ளிவிடுகிற கவன வடிகட்டியை அவர் வேலைபார்க்கும் கம்பெனி கொண்டுவந்தபோது, மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். வினோதினி படிவத்தைப் படிக்காமலே போட்டாள். இந்த மனிதர் மறுபடி சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனால் போதும் என்றுதான் அன்று நினைத்தாள். அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டாம் என்று இப்போது நினைத்தாள்.

அவளும் அதே தொழில்காரிதான். ஊஞ்சக்காடு என்கிற சின்ன ஸ்டேஷனில் இருபத்தைந்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள். முகம் பார்ப்பதற்கு முன் இரண்டு வருஷம் அவளும் திருமூர்த்தியும் ஒருவருக்கொருவர் வெறும் குரலாக இருந்தார்கள். “கண்ட்ரோல், ஊஞ்சக்காடு பேசுது,” என்பாள். “சொல்லுங்க ஊஞ்சக்காடு,” என்பார்.

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த ஸ்டேஷன் வரை வண்டி போகலாம் என்று அனுமதி கொடுப்பது லைன் கிளியர். அதை வாயால் கொடுத்தால் மட்டும் செல்லாது. ஒவ்வொருவரிடமும் ரகசியமாக ஓர் எண் தாள் இருக்கும், அதிலிருந்து ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். சொன்ன எண்ணை உடனே கோடு போட்டு அடித்துவிடவேண்டும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. எண் சொல்லிவிட்டால், விஷயம் என் தலையில் ஏறிவிட்டது, இனி நான் பொறுப்பு என்று அர்த்தம். கல்யாணம் ஆன புதிதில் வினோதினி ஒரு பழைய தாளை விளையாட்டாகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். விளையாட்டு வழக்கமாகிவிட்டது. பெரிய விஷயங்களுக்கு மட்டும் எண். இந்த வீட்டை வாங்கியபோது ஒன்று. குழந்தைக்காக இனி ஆஸ்பத்திரிப் படி ஏறவேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தபோது ஒன்று. வடிகட்டிக்குக் கையெழுத்துப் போட்டபோது ஒன்று. முப்பத்தொரு வருஷத்தில் மிச்சம் மூன்று எண்கள்தான் இருந்தன.

நோயைப் பற்றி இரண்டாவது முறை சொன்ன அன்று அவள் எண் கேட்டாள். அவர் குளிர்பெட்டியைப் பார்த்து, “முப்பத்தாறு,” என்றார். வினோதினி அதை அடித்தாள், நிம்மதியாகத் தூங்கினாள். துணைக்கு வருவதாக இருந்த தங்கை பவித்ராவுக்குத் திருப்பூருக்குப் போன் போட்டு, மாமா லீவு போட்டுவிட்டார், நீ வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்திருப்பார்கள். வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஓர் எண்ணைக்கூடச் சந்தேகப்பட்டதில்லை அவள்.

மறுநாள் காலையில் திருமூர்த்தி குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“முப்பத்தாற எதுக்கு அம்மிணி அடிச்சே?”

வெள்ளிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு டாக்டர் ஆக்னஸிடம் போனாள். வடிகட்டியைப் பொருத்தியவர் அவர்தான். திருமூர்த்தியை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்றில் மூளையின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும்.

“முதல் படம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால எடுத்தது. இது இப்ப எடுத்தது. நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவங்க, இப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும். மனசுல ஒரே நேரத்துல பிடிச்சு வச்சுக்க நாலஞ்சு லைன்தான் இருக்கு, எல்லாருக்குமே. வயசானா அது குறைஞ்சுடும்னு நினைக்கறாங்க. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெரிய சிக்கல் என்னன்னா, வாசல்ல நிக்கற ஆள் அசந்துடறார். சம்பந்தமில்லாத வண்டியெல்லாம் உள்ள வந்து நின்னுக்குது.”

“அதுக்கு எதுக்குங்க ரெண்டு பக்கமும் செவந்து கெடக்குது?”

“சின்ன வயசுல இந்த வேலைக்கு ஒரு பக்கம் போதும். வயசானா சமாளிக்க இன்னொரு பக்கமும் சேர்ந்துக்கும். ஏத்தத்துல பின்னாடி இன்னொரு இஞ்சின் போட்டுத் தள்ளுவீங்களே, அந்த மாதிரி. இப்ப அவருக்கு அது தேவைப்படல. இருபத்தஞ்சு வயசுப் பையனோட படம் இப்படித்தான் இருக்கும்.” டாக்டர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

“வீட்டுக்கு வந்தா அதக் கழட்டித்தானுங்க வைக்கறாரு.”

“மிஷினக் கழட்டலாம். ஆனா பதினோரு மாசமா அது சொல்லிக் குடுத்தத மூளை கத்துக்கிச்சு. வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது எதுவா இருந்தாலும், தங்கறதுக்கு முன்னாடியே தள்ளிடுது. பழசெல்லாம் பத்திரமா இருக்கு. புதுசுதான் உள்ள ஏறாது. எழுதிக் குடுத்தாலும் படிப்பார், கண்ணை எடுத்தா போச்சு. இவ்வளவு தூரம் போகும்னு எங்களுக்கே தெரியாதும்மா.”

“நான் செத்தாலும் அப்படித்தானுங்களா?”

டாக்டர் திரையை அணைத்தார். திருப்பிப் பழக்கலாம், எட்டு மாதம் ஆகும், பழைய தடுமாற்றமும் கூடவே திரும்பிவிடும், வேலை நிலைக்காது என்றார். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. அவசரத்தில் யாரும் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

பத்து மணிக்கு திருமூர்த்தியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “எனக்கு இவ வேணுமுங்க டாக்டர். வேலை கெடக்குது,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்கு மறுபடி கேட்டபோது, “எந்தச் சிகிச்சைங்க? நான் நல்லாத்தான இருக்கறேன்?” என்றார். பத்து மணிக்குப் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். யார் என் கையெழுத்தைப் போட்டது என்று எகிறினார். வினோதினி மேல்கூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

“வேற வழியே இல்லீங்களா?” என்று கிளம்பும்போது கேட்டாள்.

“கம்பெனியே இவர் தகுதி இல்லைன்னு எழுதிக் குடுத்தா சம்மதம் தேவையில்லை. நாங்களே ஆரம்பிச்சுடலாம். ஆனா பதினோரு மாசமா ஒரு தப்புகூடப் பண்ணாத ஆள எதுக்கு விடுவாங்க?”

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மனைவியாகப் பேசிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது. கோபமா கிண்டலா என்று அவளுக்கே தெரியவில்லை, மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய குரலில் சொன்னாள்.

“கண்ட்ரோல், ஊஞ்சக்காடு பேசுது.”

“சொல்லுங்க ஊஞ்சக்காடு,” என்றார். டம்ளரைக் கீழே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் சேலையைப் பெட்டியில் போட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அடித்துக்கொள்ளக் கூடாத நெஞ்சு.

“புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு இங்கிருந்து ஒரு வண்டி கெளம்புதுங்க. கோயமுத்தூருக்கு.”

“நம்பர்?”

சட்டென்று தன் வயதுதான் வந்தது. “அறுபத்தொண்ணு.”

“லோடு?”

“ஒரே ஒரு ஆளுங்க. ஸ்பெஷல். வண்டி பழசு, இஞ்சின்ல பெரிய குழாய் ஒண்ணு வீங்கிக் கெடக்குது. அதிர்ச்சி ஆகாது.”

“அப்ப நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாதே.” குரலில் கவலை தெரிந்தது. “திரும்பற டைம்?”

“தெரியாதுங்க. பழுது பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க. திரும்பாமயும் போலாம்.”

“அதெப்படி? போன வண்டி திரும்பித்தான ஆகோணும்.”

“லைன் கிளியர் குடுங்க.”

அவர் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “லைன் கிளியர். எழுபத்திரண்டு.”

வினோதினி எழுந்து போய் எழுபத்திரண்டை அடித்தாள். மிச்சம் இருந்தது ஐம்பத்தெட்டு மட்டும். அரை மணி நேரம் கழித்து, அவர் முகம் கழுவி, டீவி பார்த்து, யாரிடமோ போனில் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள். “கண்ட்ரோல், அறுபத்தொண்ணு?”

“புதன் ஆறு மணி, ஊஞ்சக்காட்டுல இருந்து கோயமுத்தூர், ஒரு ஆளு, இஞ்சின் சரியில்ல, நடுவுல நிறுத்தம் கெடையாது. என்ன, டைம் மாறுதா?” என்றார். அதே மூச்சில் அவளைப் பார்த்து, “பெட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்கே, எங்காச்சும் போறயா அம்மிணி?” என்றார்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு வழியாக அவர் மனதுக்குள் ஏறிவிட்டாள். ஏறியிருப்பது அவள்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது போதும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள், போதவில்லை.

மறுபடி போன் போட்டு வரச்சொல்லியிருந்ததால், புதன்கிழமை காலையில் பவித்ரா கார் கொண்டுவந்தாள். திருமூர்த்தி ஷிஃப்டுக்குக் கிளம்பிய வேகத்தில், வடிகட்டியைக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டே, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். பத்திரமா போய்ட்டு வா என்றார். ஐம்பத்தெட்டு மிச்சம் இருந்த தாளைக் கதவிலிருந்து உரித்துக் கைப்பையில் வைத்திருந்தாள் வினோதினி.

ஒன்பதரை மணிக்கு, பச்சைத் துணி மாட்டி, கையில் ஊசி குத்தி, ஆபரேஷன் அறைக்கு வெளியே படுக்கவைத்திருந்தபோது அவள் போன் அடித்தது. ஜெயசீலன். கண்ட்ரோல் அறையின் மேலாளர், அவளுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். எடுக்கவேண்டாம் என்றாள் பவித்ரா. வினோதினி கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

“மேடம், மன்னிச்சுக்கங்க. சார் காலைல இருந்து பதினாலு வண்டிய அங்கங்க ஒதுக்கி நிறுத்தியிருக்கார். அறுபத்தொண்ணுக்கு வழி விடணுங்கறார். அப்படி ஒரு வண்டியே எங்க சிஸ்டத்துல இல்ல. கேட்டா, ஊஞ்சக்காட்டக் கேளுங்கறார். அந்த ஸ்டேஷன மூடி ஒம்பது வருஷமாச்சு. நீங்கதான அங்க இருந்தீங்க?”

“ஆமாங்க. நாந்தான் பூட்டுனேன்.” பிறகு பழைய ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டாள். “நிறுத்துன வண்டில மருந்து, ஆக்சிஜன் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்ல மேடம். எல்லாம் சிமெண்டும் நிலக்கரியும். டிரைவருங்களுக்கும் ஒண்ணும் கஷ்டம் இல்ல, எல்லாரும் ஸ்டேஷன்ல இருக்காங்க. ஆனா மேல இருந்து கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பத்து நிமிஷத்துல நகரலைன்னா, இவர் தகுதி இல்லைன்னு நான் எழுதித்தான் ஆகணும். எனக்கு மனசே வரல. நீங்க அறுபத்தொண்ணு ரத்துன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேட்டுக்குவார். லைன்ல தர்றேன்.”

ஏதோ சத்தம் மாறியது. பின்னால் பல பேர் பேசுவது கேட்டது.

“ஊஞ்சக்காடு, அறுபத்தொண்ணு எங்க நிக்குது?”

“கோயமுத்தூர் வந்துருச்சுங்க. ஸ்டேஷனுக்கு வெளிய, ஹோம் சிக்னல்ல நிக்குது. இன்னும் சித்த நேரத்துல உள்ள எடுத்துக்குவாங்க.”

“நடுவுல எங்கயும் நிக்கலியே?”

“நிக்கலீங்க.”

“அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒதுக்கிப் போட்டேன். இங்க ஆளாளுக்குக் கத்தறாங்க, கத்தட்டும்.” குரலைத் தணித்துக்கொண்டார். “அந்த ஒரு ஆளு எப்படி இருக்காங்க? பயந்துக்கறாங்களா?”

பவித்ரா வினோதினியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“பயந்துதான் இருந்தாங்க. இப்பப் பரவால்லீங்க.”

ரத்து என்று சொல்லிவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். நாளைக்கும் அதே நாற்காலி, அதே பெயர். அவர் மனதில் இருந்து அவள் இறங்கிவிடுவாள், அதற்குப் பிறகு அவளுக்காகக் காத்திருக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் தகுதி இல்லை என்று எழுதுவார்கள், சிகிச்சை ஆரம்பிக்கும், மறுபடி அந்த பால்கனி, சவரம் செய்யாத முகம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அவர் பழைய மனிதராகத் திரும்பி வருவார். அவள் அப்போது இல்லாவிட்டால், அன்றைக்குத்தான் அது அவர் மனதில் தங்கும். அதுவரை தினம் தினம் புதிதாகக் கேட்டு, தினமும் புதிதாக அழுதுகொண்டிருப்பார். எதைச் செய்தாலும் அவருக்குத் துரோகம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடவே, பதினாலு வண்டிகள் தனக்காக நிற்கின்றன என்பதில் வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒளிக்க இனி நேரம் இல்லை.

“ஊஞ்சக்காடு, லைன்ல இருக்கீங்களா? இந்த வண்டிகள இப்ப விட்டுடலாமா?”

ஜெயசீலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது தெரிந்தது. அறைக் கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தாள்.

“வேண்டாமுங்க,” என்றாள் வினோதினி. “நிக்கட்டும்.”

“சரி. அறுபத்தொண்ணு முழுசாத் திரும்பி வந்துட்டா நம்பரோட சொல்லுங்க. அது வரைக்கும் யாருக்கும் லைன் கிளியர் கெடையாது.”

“சொல்றேனுங்க.”

நர்ஸ் போனை வாங்கிப் பவித்ராவிடம் கொடுத்தாள். கட்டிலின் சக்கரத்தை விடுவித்துக்கொண்டே, மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா, எல்லாத்தையும் விட்டுடுங்க என்றாள். வினோதினி தலையாட்டினாள். போர்வெல், வழக்கு, கையெழுத்து, பால்கனி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டாள். ஐம்பத்தெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.